மண்டை ஓட்டைக் கடக்காத ஒலியும் மலைமக்களின் இரத்தமும்

1952ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அருகருகே வைத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒன்று லண்டனிலிருந்து வரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நீலகிரி மலைக்குடிகளின் இரத்தத்தைப் பற்றியது. மற்றொன்று 'அக்குஸ்டிகா' என்னும் ஒலியியல் இதழில் ஜெர்மன் மொழியில் வந்தது. மண்டை ஓட்டின் வழியாக மீயொலியைச் செலுத்தி மூளையைப் படம் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையைத் தரைமட்டமாக்கியது. முன்னதை எழுதியவர்களுக்குப் பின்னதைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் இவ்விரண்டு ஓடைகளும் 46 ஆண்டுகள் கழித்து, 1998இல், அமெரிக்கக் குழந்தைகளிடையே நடந்த ஒரு மருத்துவ ஆய்வில் ஒன்றாய்ச் சேர்ந்தன. சேர்ந்த நீர் பவானி ஆற்றங்கரைக்கு, அதாவது அட்டப்பாடிக்கு, எந்த அளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் விசாரம்.

நான் மருத்துவன் அல்லன். ஒலியியல் படித்தவன், பாலக்காட்டுச் சீமையின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவன். ஆகவே இரத்தத்தைப் பற்றிச் சொல்வதை மருத்துவ அன்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒலியைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லைக்கு முந்திய எல்லை

முதலில் நிலவரம். 1952இல் அட்டப்பாடி கேரளத்தில் இல்லை. கேரளம் என்ற மாநிலமே இல்லை. அட்டப்பாடி அப்போது மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபாரோ சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. நீலகிரியும் கோயம்புத்தூரும் அதே ராஜ்யம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது மலபார் கேரளத்துக்குப் போயிற்று. தேவிகுளம், பீர்மேடு பற்றி நம்மவர்கள் எத்தனையோ மலர்களில் எழுதியிருக்கிறார்கள், இன்னமும் எழுதுவார்கள். அட்டப்பாடியைப் பற்றி அப்படி யாரும் அழவில்லை. ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் இருளர், முடுகர், குறும்பர். (இடுக்கியின் முதுவர் வேறு, இந்த முடுகர் வேறு, பெயர் ஒலிப்பைக் கேட்டுக் குழப்பிக்கொள்வோர் பலர்.) ஆனைகட்டியில் ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருளர் இருக்கிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள், பேச்சு தமிழுக்கு மிக நெருங்கிய பேச்சு. கோடு விழுந்த பிறகு ஒருவர் கேரளப் பழங்குடி, அவர் மாமன் தமிழ்நாட்டுப் பழங்குடி. புள்ளிவிவரங்களும் அன்று முதல் இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதப்படுகின்றன.

இரத்தம்

நீலகிரிக் கட்டுரையை எழுதியவர்கள் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர். லேமன் ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்தவர். போர்க்காலத்தில் இராணுவ மருத்துவப் பிரிவில் இந்தியாவில் பணியாற்றி, பின்னர் உகாண்டாவிலும் இரத்தசோகையை ஆராய்ந்தவர். கட்புஷ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இரத்தப் பிரிவு ஆராய்ச்சியில் பேர் பெற்றவர். நீலகிரிக் குடிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஆப்பிரிக்க வழியினருக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்ட ஒரு கூறு இருளர் உள்ளிட்ட வனக்குடிகளிடம் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். அதே 1952இல் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் இந்நோயைக் கண்டதாக டன்லப், மஜும்தார் ஆகியோர் எழுதினர். தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் அவர்கள். தேயிலை போன இடமெல்லாம் மனிதரும், மனிதர் போன இடமெல்லாம் அவர்கள் இரத்தமும் போயிற்று என்பதை இடுக்கிக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கூறுதான் அரிவாள் செல். மலையாளத்தில் 'அரிவாள் ரோகம்' என்கிறார்கள். இரத்தச் சிவப்பணுக்கள் வட்டமாக இராமல், உயிர்வளி குறைந்தவுடன் கதிரறுக்கும் அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடும். 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் இதை முதன்முதலில் விவரித்தார். 1949இல் லைனஸ் பாலிங் இதை மூலக்கூறு நோய் என்று நிறுவினார். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறு வந்தால் அவர் சுமப்பவர், நோயாளி அல்லர். இருவரிடமிருந்தும் வந்தால் நோய். சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சின்னக் குடிகளில், மாமன் மகள் அத்தை மகன் வழக்கில், இந்த 'நாலில் ஒன்று' வெறும் கணக்காக நிற்பதில்லை. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஏன் வனக்குடிகளிடம் மட்டும் இவ்வளவு மிகுதி? 1954இல் அந்தோணி அலிசன் விடை சொன்னார்: சுமப்பவர்களைக் கொடிய வகை மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலையடிவாரக் காடுகளெல்லாம் அன்று மலேரியாக் காடுகள். சமவெளிக்காரன் அங்கே குடியேறினால் குளிர்காய்ச்சலில் போய்ச்சேருவான், காட்டுக்காரன் பிழைத்திருப்பான். ஆக, அரிவாள் கூறு ஒருவகையில் அவர்களுடைய கோட்டை மதில். 1950களில் டி.டி.டி. வந்தது. மலேரியா அடங்கியது. மதிலுக்கு வேலை இல்லாமல் போனது. சமவெளிக்காரர்கள் மலை ஏறினார்கள். 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். 2011இல் பாதிக்கும் கீழே. நிலம் போயிற்று, ஆனால் மதிலுக்காகச் செலுத்திய கப்பம் மட்டும் தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் தொடர்கிறது. இதை வரலாற்றாசிரியர்கள் நிலப் பதிவேடுகளை வைத்து மட்டும் எழுதுகிறார்கள். இரத்தப் பதிவேட்டையும் சேர்த்து எழுதினால்தான் கதை முழுதாகும் என்பது என் துணிபு.

இக்கூறு எங்கிருந்து வந்தது என்பதில் லேமன் காலத்தில் இனக்கோட்பாட்டு வாசனை அடிக்கும் ஊகங்கள் நிறைய இருந்தன. 'வெட்டாயிடு' இனம், அரேபியா, ஆப்பிரிக்கா என்று வரைபடத்தில் அம்புகள் போட்டார்கள். 1986இல் வந்த மரபணு ஆய்வு, ஆசியாவில் இது தனியாகவே தோன்றியது என்றது. 2018இல் வேறு இருவர், இல்லை, எல்லாம் ஒரே மூலத்திலிருந்துதான் என்றார்கள். அந்த வழக்கை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அரபு-இந்திய வகை எனப்படும் நம்முடைய வகையில், கருவிலிருக்கும்போது ஓடும் ஹீமோகுளோபின் வளர்ந்த பின்னும் கூடுதலாக நீடிக்கிறது. அது ஓரளவு காப்பு. ஆதலால் நோய் இங்கே சற்று மென்மை என்பர். சற்றுத்தான்.

ஒலி

இனி அடுத்த ஓடை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல் டூசிக், இயற்பியலாளரான தம் சகோதரர் பிரீட்ரிக்கின் துணையோடு, மனிதத் தலையின் ஒரு பக்கம் மீயொலியைச் செலுத்தி மறுபக்கம் வாங்கிப் படமெடுக்க முனைந்தார். 1942இல் முதல் கட்டுரை. மருத்துவத்தில் மீயொலியை நோயறியப் பயன்படுத்திய முதல் முயற்சி என்று இதையே சொல்வார்கள். மூளைக்குள்ளே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவை ஒலியைக் குறைவாக உறிஞ்சும், ஆகவே படத்தில் வெளிச்சமாகத் தெரியும். கட்டி ஏதும் இருந்தால் அறையின் வடிவம் கோணும். யோசனை அழகானது. படங்களும் வந்தன. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ரிச்சர்ட் போல்ட், நரம்பு அறுவை மருத்துவர் தாமஸ் பாலன்டைன், தியடோர் ஹூட்டர் ஆகியோர் அதைப் பின்பற்றினார்கள்.

அப்போதுதான் அக்குஸ்டிகா கட்டுரை வந்தது. ஜெர்மனியின் குட்னர், பீட்லர், பேட்சோல்ட் ஆகிய மூவரும் ஒரு வெற்று மண்டை ஓட்டை எடுத்து, உள்ளே மூளைக்குப் பதில் தண்ணீரை நிரப்பி, அதே முறையில் படம் எடுத்தார்கள். படம் கிட்டத்தட்ட அதேபோல் வந்தது! அதாவது பத்தாண்டுகளாக மூளையின் அறைகள் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் எலும்பின் தடிப்பு மெலிவு செய்த கோலம். எம்.ஐ.டி. முயற்சியும் 1950களின் நடுவில் கைவிடப்பட்டது. மூளை ஒலிக்கு மூடிய கதவு என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தோல்வி ஏன் நேர்ந்தது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பள்ளிக்கூடக் கணக்குத்தான், பயப்பட வேண்டாம். மூளைத் திசுவில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் ஓடும். கெட்டி எலும்பில் 2800 மீட்டர் அளவுக்கு ஓடும். 1 மில்லிமீட்டர் திசுவைக் கடக்க 0.65 மைக்ரோவினாடி; 1 மில்லிமீட்டர் எலும்பைக் கடக்க 0.36 மைக்ரோவினாடி. வித்தியாசம் 0.3க்குச் சற்றுக் குறைவு. இப்போது 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முழு அலைக்கு 0.5 மைக்ரோவினாடி, பாதி அலைக்கு 0.25. ஆக, மண்டை ஓடு ஓரிடத்தில் பக்கத்து இடத்தைவிட ஒரேயொரு மில்லிமீட்டர் தடித்திருந்தால் போதும், அங்கே புகுந்த அலை பாதி அலைக்கும் மேலே முந்திவிடும். மேடும் பள்ளமும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கும்மியில் ஒருத்தி மட்டும் அரைத் தாளம் முந்திக் கை தட்டினால் வட்டமே குலைவது போல. போதாக்குறைக்கு மண்டை ஓடு ஒரே கெட்டி எலும்பும் அல்ல. வெளித்தகடு, உள்தகடு, நடுவிலே கடற்பஞ்சு போன்ற எலும்பு என மூன்று அடுக்கு. நடு அடுக்கு ஒலியைச் சிதறடித்து விழுங்கும். ஒலியின் அதிர்வெண்ணைக் குறைத்தால் விழுங்குவது குறையும். ஆனால் படம் மங்கிப் போகும். கூட்டினால் படம் கூர்மை பெறும். ஆனால் ஒலி உள்ளேயே போகாது. இந்த இழுபறிதான் எண்பது ஆண்டு வரலாறு.

இடையில் ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் ஒரு காரியம் செய்தார். உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியைத் தலைக்கு வைத்து, படம் வேண்டாம், மூளையின் நடுக்கோடு எங்கே இருக்கிறது என்ற ஒரே எதிரொலி போதும் என்றார். தலையில் அடிபட்டு ஒரு பக்கம் இரத்தம் கட்டினால் நடுக்கோடு தள்ளிப் போகும். 1950களின் நடுவிலிருந்து சி.டி. ஸ்கேன் வரும்வரை பல மருத்துவமனைகளில் இது நடந்தது. 1971இல் ஹவுன்ஸ்பீல்டின் கருவியில் முதல் நோயாளி படுத்ததும் ஒலிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

நெற்றிப்பொட்டுச் சன்னல்

கதவு மூடியிருந்தாலும் சன்னல் உண்டு. 1982இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய நார்வேக்காரர் ரூன் ஆஸ்லிட் அதைக் காட்டினார். காதுக்கு முன்னே, கன்ன எலும்புக்கு மேலே, நெற்றிப்பொட்டில் எலும்பு மிக மெல்லியது. பஞ்சு அடுக்கும் அங்கே அநேகமாக இல்லை. அந்த இடத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, மூளையின் அடியில் ஓடும் பெருந்தமனிகளில் இரத்தம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று டாப்ளர் முறையில் அளந்தார். படம் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரயில் ஊதல் நெருங்கும்போது ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்பதுதான் டாப்ளர். அலை கொஞ்சம் சிதைந்து வந்தாலும் சுருதி மாறுவதில்லை. சுருதி தெரிந்தால் வேகம் தெரியும். டூசிக் கேட்டது ஓவியம். ஆஸ்லிட் கேட்டது சுருதி. கேட்பதைக் குறைத்துக்கொண்டவனுக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு சொல் குறிப்பு. பழந்தமிழில் சென்னி என்றால் தலை. மலையாளத்தில் சென்னி என்றால் நெற்றிப்பொட்டு மட்டும். ஒற்றைத் தலைவலியைச் 'சென்னிக்குத்து' என்பார்கள். எங்கள் பக்கம் பாட்டிகள் தலைவலிக்குச் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவதும் அதே இடத்தில்தான்.

சன்னல் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறப்பதில்லை. பத்தில் ஒருவர் இருவருக்கு ஒலி போதிய அளவு உள்ளே செல்வதில்லை என்று நூல்கள் கூறும். வயதான பெண்களிடம் இது கூடுதல்; ஆசிய, ஆப்பிரிக்க வழியினரிடமும் ஐரோப்பியரைவிடக் கூடுதல் என்பர். என் மனைவியின் பெரியம்மா ஒருவர் மூணாறுத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை லேசாகக் கை இழுத்துக்கொண்டு, மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் இந்தச் சோதனை செய்தார்கள். அறிக்கையில் 'இருபுறமும் சன்னல் இல்லை' என்று எழுதியிருந்தது. "என்ன மாப்ள, எம் மண்டையில சன்னலே இல்லைங்கான் அந்தத் தம்பி? அம்பது வருசம் முண்டாசு கட்டிக் கட்டி அடைச்சுப் போச்சோ?" என்று கேட்டார். முண்டாசுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் விளக்கியதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள், நல்லபடியாகத்தான் இருந்தது. மலைத் தோட்டத்திலிருந்து சி.டி. இருக்கும் ஊருக்கு வருவதென்பது என்ன என்று மூணாறு, தேவிகுளம், வட்டவடை வாசகர்களுக்குத் தெரியும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் தவணை.

அந்தக் கட்டியைக் கரைப்பதற்கே ஒலி உதவும் என்றும் ஒரு காலம் நம்பினார்கள். ஊசியோடு நெற்றிப்பொட்டில் தொடர்ந்து டாப்ளர் ஒலியும் செலுத்தினால் நூற்றுக்கு 49 பேருக்குக் குழாய் முழுதும் திறந்தது அல்லது வியக்கத்தக்க தேர்ச்சி கண்டது, ஊசி மட்டும் என்றால் 30 பேருக்கே என்று 2004இல் 126 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. 2019இல் வெளியான பெரிய ஆய்வு அதை உறுதி செய்யவில்லை.

இரண்டும் சேர்ந்த இடம்

அரிவாள் நோயுள்ள குழந்தைகளுக்கு வரும் பேராபத்துகளில் ஒன்று பக்கவாதம். நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளை காலையில் எழுந்து ஒரு கையைத் தூக்க முடியாமல் நிற்கும். அமெரிக்காவில் நடந்த நீண்ட ஆய்வொன்று, தடுப்பு ஏதும் செய்யாவிட்டால் இருபது வயதுக்குள் நூற்றுக்கு 11 பேர் அளவில் இது தாக்கும் என்று காட்டியது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லாமல் இருந்தது.

வழி கண்டவர் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ். மூளைத் தமனி உள்ளே குறுகினால் அந்த இடத்தில் இரத்தம் வேகமெடுக்கும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவது போல. ஆஸ்லிட்டின் முறைப்படி அளந்து, வேகம் மிகுந்த பிள்ளைகளுக்கே பக்கவாதம் வருகிறது என்று 1992இல் எழுதினார். அடுத்தது பெரிய சோதனை. 2 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில், வேகம் வினாடிக்கு 200 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள 130 பேரைப் பிரித்து, 63 பேருக்கு முறையாக இரத்தம் ஏற்றினார்கள். 67 பேருக்கு வழக்கமான சிகிச்சை. வழக்கமான பிரிவில் 11 பேருக்குப் பக்கவாதம் வந்தது. இரத்தம் ஏற்றிய பிரிவில் ஒரே ஒருவருக்கு. மேற்கொண்டு நடத்துவது தர்மமன்று என்று 1997இல் ஆய்வைப் பாதியிலே நிறுத்தினார்கள், 1998இல் வெளியிட்டார்கள். படமே எடுக்காத ஒரு கருவி, பென்சில் தடிப்புள்ள ஒலிக்கற்றையால், பிள்ளைகளைக் காப்பாற்றியது.

மாதாமாதம் இரத்தம் ஏற்றுவது மலைநாட்டில் எளிதா? இல்லை. நல்ல வேளையாக 2016இல் வந்த மற்றொரு ஆய்வு, குறைந்தது ஓராண்டு இரத்தம் ஏற்றிய பிள்ளைகளில், மூளைக் குழாய்கள் மோசமாகக் குறுகாதவர்களை ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரைக்கு மாற்றலாம் என்று காட்டியது. நம் நாட்டில் கிடைக்கும், விலையும் எட்டாத விலையன்று. ஆனால் எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று பொறுக்கியெடுக்க நெற்றிப்பொட்டுச் சோதனை வேண்டும்.

'நம்முடைய வகை மென்மையானது, பக்கவாதம் அரிது, ஆகவே இதெல்லாம் இங்கே வேண்டாம்' என்று ஒரு வாதம் உண்டு. அரிது என்பது உண்மையே. ஆனால் மென்மை என்பது சராசரியைப் பற்றிய பேச்சு. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கை விழுந்தால் சராசரி அந்தக் கையைத் தூக்கிவிடாது. மேலும் 200 என்ற எல்லைக் கோடு ஆப்பிரிக்க வழிப் பிள்ளைகளை அளந்து போட்டது. இருளர் பிள்ளைக்கு எந்தக் கோடு பொருந்தும் என்பதை இருளர் பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்துதான் சொல்ல முடியும்.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. அரிவாள் நோயில் எலும்பு மச்சை ஓயாமல் உழைத்து உழைத்து விரியும். மண்டை ஓட்டின் நடு அடுக்கே தடிக்கும். ஒலியை விழுங்குவதும் அந்த அடுக்குத்தான் என்று மேலே பார்த்தோம். பிள்ளைகளின் எலும்பு மெலிது என்பதால் பெரும்பாலும் சோதனை நடந்துவிடுகிறது. வளர வளரக் கடினமாகும். எனவே சிறு வயதிலேயே அளந்து வைப்பது முக்கியம்.

படம் தெளிந்த கதை

சுருதியோடு நிற்காமல் ஓவியத்துக்கும் ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1970களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒலாப் வான் ராம், ஸ்டீபன் ஸ்மித் முதலியோர், ஒரே ஒலிமுனைக்குப் பதில் பல சிறு முனைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரத்தில் ஒலிக்கச் செய்யும் முறையால் மண்டை ஓட்டின் வழியே பார்க்க முயன்றார்கள். எலும்பு எந்த அலையை முந்த விடுகிறதோ அந்த அலையை அந்த அளவு பிந்தி அனுப்பிவிட்டால் எல்லாம் ஒன்றாய்ப் போய்ச் சேரும். கும்மியில் முந்துகிறவளிடம் 'நீ கொஞ்சம் பொறுத்துத் தட்டு' என்று முன்னமே சொல்லி வைப்பது.

எவ்வளவு பொறுக்கச் சொல்வது என்பதுதான் சிக்கல். பாரிஸில் மத்தியாஸ் பிங்க் 1980களின் முடிவிலிருந்து அதற்கொரு வேடிக்கையான வழி சொன்னார்: உள்ளிருந்து வெளியே வரும் அலையைப் பதிவு செய்து, காலத்தைத் திருப்பி, கடைசியில் வந்ததை முதலில் அனுப்பினால், அலை வந்த வழியே போய்ப் புறப்பட்ட இடத்தில் குவியும். ஆனால் மூளைக்குள் போய் ஒலிபெருக்கி வைக்க முடியுமா? ஆகவே தலையை சி.டி. எடுத்து, எலும்பின் தடிப்பை இடம் இடமாக அறிந்து, கணினியில் கணக்கிட்டு அனுப்பும் முறையைக் குல்லெர்வோ ஹைனினென் குழுவினரும் பாரிஸ் குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் வளர்த்தார்கள். அதன் பயன்: 1024 ஒலிமுனைகள் கொண்ட தலைக்கவசத்தால் மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியைச் சுட்டு, கை நடுக்கத்தை நிறுத்தும் சிகிச்சை. 2016இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது. மண்டையைத் திறக்காமல்!

2020இல் லண்டன் ஆய்வாளர்கள், எண்ணெய் தேடுவோர் பூமியின் அடுக்குகளை அலைகளால் படமெடுக்கும் கணக்கு முறையைத் தலைக்குப் பயன்படுத்தலாம் என்று கணினிப் போலியில் காட்டினார்கள். 2021இல் பாரிஸ் குழு, இரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி, நெற்றிப்பொட்டு வழியே ஒவ்வொரு குமிழியாகத் தொடர்ந்து, எலும்பின் திரிபைத் திருத்தி, மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு நுணுக்கத்தில் மனித மூளையின் இரத்தக்குழாய்களைப் படமாக்கியது. டூசிக்கின் ஓவியம் எண்பது ஆண்டில் வந்தே விட்டது என்று சொல்லலாம். ஆனால் கணக்கிடும் யந்திரமும் நேரமும் நிறையக் கேட்கும் ஓவியம். அட்டப்பாடிக்கு இன்றைக்கு அது தேவையில்லை. 1982இன் சுருதியே போதும்.

மறுபடி பவானிக் கரை

குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. உச்சிக்குழி திறந்திருக்கும். நம் தாய்மார் எண்ணெய் தொட்டு வைக்கும் அந்த மெத்தென்ற இடத்தில் எலும்பே இல்லையாதலால் சாதாரண ஸ்கேன் கருவியே மூளையைத் தெளிவாகக் காட்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையில் இரத்தக் கசிவு உண்டா என்று 1970களின் முடிவிலிருந்து இப்படிப் பார்க்கிறார்கள். 2013இல் அட்டப்பாடியின் சிசு மரணங்கள் நாடெங்கும் பேசப்பட்டபோது எடைகுறைந்த, குறைமாதக் குழந்தைகள் பற்றியே பேச்சு. உச்சிக்குழி மூடியபின்தான் நெற்றிப்பொட்டைத் தேட வேண்டும். அரிவாள் நோய்க்குரிய சோதனை வயதும் இரண்டிலிருந்து தொடங்குகிறது.

கருவியைப் பொறுத்தவரை இந்தியாவுக்கே உரிய ஓர் இடைஞ்சல் உண்டு. பெண் கருக்கொலையைத் தடுக்க 1994இல் இயற்றி 2003இல் திருத்திய சட்டப்படி, மீயொலிக் கருவிகள் பதிவு செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும். கையில் தூக்கிச் செல்லும் கருவியை ஊர் ஊராகக் கொண்டுபோவதற்குக் கடும் கட்டுப்பாடு. சட்டத்தின் நோக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. தமிழ்நாட்டில் நாம் அந்தப் பாவத்தின் நடுவே வாழ்ந்தவர்கள். ஆனால் தலையின் இரத்த வேகத்தை மட்டும் அளக்கும், கருவைக் காட்டவே முடியாத டாப்ளர் கருவியை வேறாகப் பிரித்து வைக்கலாகாதா? ஊர் மூப்பன் வீட்டுத் திண்ணையில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பொறுமையாக அளந்துவிடலாம். பாதிப் பிள்ளைகள் கூச்சத்தில் அழும். அழுதால் வேகம் மாறும். திரும்ப அளக்க வேண்டும். அளப்பவருக்கு இருளர் பேச்சு கொஞ்சம் தெரிந்தால் இன்னும் நல்லது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 17 மாநிலங்கள், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது. கேரளமும் தமிழ்நாடும் பட்டியலில் உள்ளன. சோதனை முடிந்தவுடன் சுமப்பவரா, நோயாளியா என்று ஓர் அட்டை. நல்ல திட்டம். ஆனால் 'ஒழிப்பு' என்ற சொல் திருமணத்துக்கு முன் அட்டையைப் பார் என்ற புத்திமதியோடு நின்றுவிடக்கூடாது. இப்போது உயிரோடிருக்கும் நோயாளிப் பிள்ளைக்கு அட்டையால் என்ன ஆகும்? கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை போன்றவை திட்டங்களுக்கு வெகு முன்னரே அரிவாள் நோயாளிகளைப் பெயர் பெயராகத் தெரிந்து தொடர்ந்து கவனித்து வருபவை. அங்கே கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

அட்டப்பாடியில் கோட்டத்தறை அரசுப் பழங்குடிச் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து ஆனைகட்டி வழியே இறங்கினால் கோயம்புத்தூர். மேற்கே மண்ணார்க்காட்டுச் சுரத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கேரளம். ஆபத்து நேரத்தில் மக்கள் எந்தப் பக்கம் வண்டி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் போகிறார்கள். கோவையில் ஏற்றிய இரத்தமும் அளந்த வேகமும் கேரளத்து ஏட்டில் ஏற வேண்டும்; அகளியில் கொடுத்த மாத்திரை கோவை டாக்டருக்குத் தெரிய வேண்டும். லேமனும் கட்புஷும் கட்டுரை எழுதிய ஆண்டில் இந்த இடமெல்லாம் ஒரே ராஜ்யமாக இருந்தது. இன்று அந்த அட்டையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டால் போதும்: தேதி, இடது பக்க வேகம், வலது பக்க வேகம். மலையாளம், தமிழ் எந்த எழுத்தில் எழுதினாலும் எண் ஒன்றுதான்.